மடக்குச் சவரக் கத்தி: எதைக் கடையில் வாங்கலாம், எதை ஆன்லைனில்?

சென்னை பாரிமுனையைச் சுற்றியுள்ள சந்துகளில் சலூன் சாமான் விற்கும் மொத்தக் கடைகள் உண்டு. சீப்பு, கத்தரி, சுழல் நாற்காலி, தண்ணீர் தெளிக்கும் பாட்டில், கழுத்தில் கட்டும் துணி என்று சலூனுக்கு வேண்டிய எல்லாம் அங்கே கிடைக்கும். சவரக் கத்தி கேட்டால் நூறு, இருநூறு ரூபாய்க்குள் நாலைந்து மாடலை எடுத்து மேஜையில் வைப்பார்கள். ஆனால் அத்தனையும் பாதி பிளேடு செருகும் கத்திகள். கல்லில் தீட்டி, தோல் வாரில் இழுத்துப் பதம் ஏற்றுகிற முழு எஃகுக் கத்தி இருக்கிறதா என்று கேட்டால், "அதெல்லாம் வர்றது நின்னு எத்தனையோ வருஷம் ஆச்சு சார்" என்பதுதான் பதில். நான் ஏறி இறங்கிய எல்லாக் கடைகளிலும் கிட்டத்தட்ட இதே பதில்தான்.

இதற்குக் காரணம் இருக்கிறது. இந்தியாவில் எச்.ஐ.வி. தொற்று முதன்முதலாகக் கண்டறியப்பட்டது 1986-ல், இதே சென்னையில். அதைத் தொடர்ந்து வந்த விழிப்புணர்வுப் பிரசாரத்தில் 'சலூனில் புது பிளேடு போடச் சொல்லுங்கள்' என்பது முக்கியமான அறிவுரை. ஒரே கத்தியைத் தீட்டித் தீட்டிப் பலருக்கும் பயன்படுத்துவது ஆபத்து என்று மக்களுக்குப் புரிந்தது. ஆளுக்கொரு பாதி பிளேடு என்ற வழக்கம் சலூன்களில் ஊன்றிவிட்டது. அது மிகச் சரியான மாற்றம். ஆனால் அதோடு முழுக் கத்திக்கு இருந்த தேவை போனது. தேவை போனதும் சரக்கு போனது, கல் போனது, வார் போனது, தீட்டத் தெரிந்தவர்களும் ஒவ்வொருவராகக் குறைந்துபோனார்கள். வீட்டில் தனக்கு மட்டும் ஒரு கத்தி வைத்துக்கொள்ள நினைப்பவருக்குத் தொற்றுப் பயம் இல்லை. ஆனால் அவருக்கென்று உள்ளூரில் சரக்கும் இல்லை.

அதனால் கடையா, ஆன்லைனா என்று மொத்தமாகக் கேட்டால் பதில் கிடைக்காது. ஒவ்வொரு சாமானுக்கும் தனித்தனிப் பதில்தான். கையால் தொட்டு, வளைத்து, முகர்ந்து பார்த்து முடிவு செய்ய வேண்டியவற்றை நம்மூர்க் கடைகளில் வாங்குவது நல்லது. கத்திக்கும் கல்லுக்கும் பெரும்பாலும் ஆன்லைன்தான் வழி. அங்கேயும் விலையைப் பார்ப்பதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. அதற்குப் பிறகு வருகிறேன்.

முதலில் பாதி பிளேடு கத்தி. புதிதாகத் தொடங்குபவர்கள் இதில் பழகிவிட்டு அப்புறம் முழுக் கத்திக்குப் போகலாம் என்று பலர் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. பாதி பிளேடு மிக மெல்லியது, கத்தியும் எடை இல்லாதது. கோணம் கொஞ்சம் தவறினாலும் தோலைக் கீறிவிடும். எடையுள்ள முழுக் கத்தி, வாரில் ஒழுங்காகத் தீட்டப்பட்டிருந்தால், முகத்தில் இன்னும் மென்மையாக இறங்கும். ஆனாலும் தீட்டும் வேலையே வேண்டாம் என்பவருக்குப் பாதி பிளேடு போதும். அதை ஆன்லைனில் வாங்க அவசியமில்லை. கடையில் நின்று திறந்து மூடிப் பாருங்கள். பிளேடைப் பிடிக்கும் தகடு ஆடக் கூடாது. பிளேடின் வாய், அதாவது வெட்டும் விளிம்பு, இரு முனையிலும் ஒரே அளவு வெளியே தெரிய வேண்டும். டோபாஸ், செவன் ஓ கிளாக் எல்லாம் தெருமுனைப் பெட்டிக்கடையிலேயே உண்டு. பிளேடை அதன் காகிதத்தோடு சேர்த்து நீளவாக்கில் மடித்து உடைத்தால் விரலில் படாது.

இனி முழுக் கத்தி.

புதுக் கத்திக்கு உலகத்தில் பெயர் பெற்ற ஊர்கள் சில உண்டு. ஜெர்மனியின் சோலிங்கன் முதலிடம். 1906-ல் தொடங்கிய டோவோ, 1869-ல் தொடங்கிய போக்கர் இரண்டும் அங்கேதான். பிரான்சின் தியேர் நகரில் 1884 முதல் தியேர்-இசார் கத்திகள் தயாராகின்றன. இவை எதுவும் மலிவு கிடையாது. இங்கே வந்து சேரும்போது பத்தாயிரம் ரூபாயைத் தாண்டும். இந்த விலைக்கும் ஆயிரம் ரூபாய்க்கு ஆன்லைனில் தென்படும் கத்திகளுக்கும் நடுவில் ஏன் இவ்வளவு வித்தியாசம் என்பதைக் கத்தியின் முதுகை, அதாவது வாய்க்கு எதிர்ப்பக்கத்துத் தடித்த விளிம்பைப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம்.

சவரக் கத்தியைத் தீட்டும்போது கோணத்தைக் கை தீர்மானிப்பதில்லை. கத்தியைக் கல்லில் படுக்கப் போடுவோம். முதுகும் வாயும் ஒரே நேரத்தில் கல்லைத் தொடும். முதுகின் தடிமனும் கத்தியின் அகலமும் சேர்ந்துதான் வாயின் கோணத்தை அமைக்கின்றன. அகலம் பதினாறு மில்லிமீட்டர், முதுகு நாலரை மில்லிமீட்டர் என்றால் கோணம் ஏறக்குறைய 16 டிகிரி வரும். சவரத்துக்கு அது சரியான கணக்கு. முதுகு மேடுபள்ளமாக இருந்தால், அல்லது அழகுக்காக அதில் பூவேலை செதுக்கியிருந்தால், எவ்வளவு நல்ல கல்லில் தேய்த்தாலும் வாய் நேராக வராது.

நண்பர் ஒருவர் ஆன்லைனில் வாங்கிய கத்தியைக் கொண்டுவந்து காட்டினார். விற்றவர் பெயர் வேண்டாம். படத்தில் மிக அழகாக இருந்தது: அலையலையாக டமாஸ்கஸ் கோடுகள், மரப்பெட்டி, தோல் உறை. ஜன்னல் கண்ணாடித் துண்டு ஒன்றின் மேல் அதைப் படுக்க வைத்தேன். ஒரு மூலையில் விரல் வைத்ததும் டக் டக்கென்று ஆடியது. முதுகின் நடுவில் செதுக்கு வேலை. அந்த இடம் கண்ணாடியைத் தொடவே இல்லை. அப்புறம் கத்தியின் வாயை மேல் நோக்கித் திருப்பி டியூப் லைட்டுக்குக் கீழே பிடித்தேன். நன்றாகத் தீட்டிய வாய் வெளிச்சத்தைத் திருப்பாது, அந்த இடத்தில் எதுவுமே தெரியாது. இதில் கைப்பிடியை ஒட்டிய முனையிலிருந்து நுனிவரை ஒரே வெள்ளிக் கோடு. அதாவது தட்டையாக, வெளிச்சம் படும் அளவுக்குத் தடித்த வாய். முழங்கை முடியைக்கூட அது வெட்டவில்லை. அது கத்தி வடிவத்தில் இருந்த ஒரு அலங்காரப் பொருள், அவ்வளவுதான். நல்ல வேளையாக அவர் அதை முகத்தில் வைக்கவில்லை, திருப்பி அனுப்ப முடிந்தது. சவரச் சாமானை ஒரு தடவை பயன்படுத்திவிட்டால் சுகாதாரக் காரணம் காட்டித் திரும்ப வாங்க மறுப்பார்கள். அதனால் பார்சலைப் பிரிக்கும்போதே வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள். கண்ணாடிச் சோதனை, வெளிச்சச் சோதனை இரண்டையும் முடித்த பிறகுதான் முகம்.

நான் முன்னால் சொன்ன கேள்வி இதுதான்: இதைத் தீட்டியது யார்?

விற்பவருக்கு எழுதிக் கேளுங்கள். எந்தக் கல்லில் முடித்தார்கள், தீட்டிய பிறகு முடியை வெட்டிப் பார்த்தார்களா என்று கேளுங்கள். கத்தி விற்பவர்களில் இரண்டு வகை உண்டு. ஒருவர் பெட்டியை வாங்கிப் பெட்டியாகவே அனுப்புபவர். இன்னொருவர் ஒவ்வொன்றையும் வெளியே எடுத்து, கல்லில் போட்டு, வாரில் இழுத்து, சவரத்துக்குத் தயாராக்கி அனுப்புபவர். இரண்டாமவர் ஆயிரம் ரூபாய் கூடுதலாகக் கேட்டாலும் தயங்காமல் கொடுக்கலாம். ஏனென்றால் முதல் முறையாக முழுக் கத்தியைத் தொடும் ஒருவருக்கு, நன்றாகத் தீட்டிய கத்தி எப்படி வெட்டும் என்றே தெரியாது. மழுங்கிய கத்தியோடு தொடங்குபவர், கோணம் தப்பா, சோப்பு தப்பா, தன் தோல்தான் இப்படியா என்று ஒவ்வொன்றாகச் சந்தேகப்பட்டு, கடைசியில் இது நமக்கு வராது என்று விட்டுவிடுகிறார். ஒரே ஒரு தடவை நல்ல பதத்தோடு கத்தி முகத்தில் இறங்கிவிட்டால் அப்புறம் எது சரி, எது தவறு என்று கையே சொல்லிவிடும்.

விற்பனைப் பக்கத்தில் தயாரிப்பு நாடு கட்டாயம் போட வேண்டும் என்பது 2020-ல் வந்த மின்வணிக நுகர்வோர் பாதுகாப்பு விதிகளில் இருக்கிறது. அது இல்லாத பக்கத்தை நான் மூடிவிடுவேன். எஃகு எந்த வகை, அகலம் எவ்வளவு, உட்குழிவு (கத்தியின் பக்கங்கள் உள்வாங்கிக் குடையப்பட்டிருப்பது) எந்த அளவு என்று எதுவுமே எழுதாமல் 'பிரீமியம்', 'ராயல்' என்று மட்டும் எழுதியிருந்தாலும் அப்படித்தான். புகார் என்று வந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

புதுக் கத்திக்கு அவ்வளவு செலவு செய்ய முடியாதவர்களுக்கு இன்னொரு வழி உண்டு. உண்மையில் எனக்குப் பிடித்த வழியும் அதுதான். பழைய கத்தி.

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் வரிசையாகப் பழம்பொருள் கடைகள் இருக்கின்றன. செட்டிநாட்டு வீடுகளிலிருந்து வந்த எனாமல் பாத்திரம், கடிகாரம், பீங்கான் ஜாடி, மரத்தூண்களுக்கு நடுவில் பழைய சவரக் கத்திகளும் அகப்படும். பர்மா, மலேயா, இலங்கை என்று வியாபாரம் செய்தவர்கள் ஐரோப்பியச் சரக்கை நிறையக் கொண்டுவந்தார்கள். ஒரு டப்பாவில் கலந்துகட்டிக் கிடக்கும். ஐந்நூறு என்பார்கள், மூவாயிரம் என்பார்கள். பொறுமையாகப் பேசினால் இறங்கி வருவார்கள்.

அங்கே போகும்போது நான் பையில் வைத்துக்கொள்வது வாட்ச் ரிப்பேர் செய்பவர்கள் கண்ணில் செருகும் லென்ஸ், ஒரு சின்ன டார்ச், உள்ளங்கை அளவு கண்ணாடித் துண்டு, ஒரு மெல்லிய துணி. முதலில் வாலில், அதாவது கத்தி கைப்பிடியோடு சேரும் பகுதியில், பொறித்திருக்கும் எழுத்தைப் படிக்க வேண்டும். இங்கிலாந்தின் ஷெஃபீல்டு, ஜெர்மனியின் சோலிங்கன், சுவீடனின் எஸ்கில்ஸ்டுனா ஆகிய மூன்று பெயர்களும் நம்பத் தகுந்த ஊர்கள். 'மேட் இன் ஜெர்மனி' என்றிருந்தால் கத்தியின் வயதை ஓரளவு ஊகிக்கலாம். வெளிநாட்டுச் சரக்கில் தயாரித்த நாட்டைப் பொறிக்கும் வழக்கத்தைப் பரவலாக்கியது 1887-ல் பிரிட்டன் கொண்டுவந்த வணிகக் குறிச் சட்டம். இந்தியாவிலும் 1889-ல் அதே மாதிரிச் சட்டம் வந்தது. சோலிங்கன் என்ற பெயருக்கு 1938 முதல் ஜெர்மனியில் சட்டப் பாதுகாப்பே உண்டு. அந்த ஊர் வட்டாரத்தில் தயாரிக்காத கத்தியில் அந்தப் பெயரைப் போட முடியாது. ஜெர்மனிக்கு வெளியே போலி அடிப்பவர்கள் இதையெல்லாம் பார்ப்பதில்லை என்பதால், எழுத்து ஆழமாக, ஒழுங்காகப் பதிந்திருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

பெயர் சரி. அடுத்து துரு. சிவப்புத் துரு மேலோட்டமானது, எண்ணெய் போட்டுத் தேய்த்தால் போய்விடும். கறுப்புப் புள்ளியாக உள்ளே இறங்கிய துரு முதுகின் பக்கம் இருந்தால் கவலையில்லை. வாயை ஒட்டி இருந்தால் வேண்டாம். தீட்டத் தீட்ட அந்தப் பள்ளம் வாய்க்கு வந்து சேரும்; அங்கே கத்தி பொடிந்துகொண்டே இருக்கும். லென்ஸ் வைத்துப் பார்த்தால் வாயில் முடியிழை போல விரிசல் தெரியும். அதுவும் வேண்டாம். முதுகின் இரு பக்கமும் தேய்மானம் ஒரே அகலத்தில் இருக்கிறதா, கண்ணாடி மேல் வைத்தால் ஆடுகிறதா, வாய் நடுவில் உட்பக்கம் குழிந்திருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். நடுவில் லேசாகப் புன்னகைபோல வெளியே வளைந்திருந்தால் பரவாயில்லை, பழைய ஷெஃபீல்டு கத்திகள் பல அப்படித்தான் இருக்கும். உள்ளே குழிந்தது ஆகாது.

கைப்பிடியையும் கவனியுங்கள். பழைய கைப்பிடிகள் நிறைய செல்லுலாய்டு என்ற பழைய வகைப் பிளாஸ்டிக்கில் செய்தவை. கட்டை விரலால் கொஞ்ச நேரம் வேகமாகத் தேய்த்து முகர்ந்தால் கற்பூர வாசனை வரும், ஏனென்றால் செல்லுலாய்டு கற்பூரம் சேர்த்துச் செய்யப்பட்டது. பார்க்க ஆமை ஓடு, தந்தம், அம்பர் என்று எல்லாம் போல இருக்கும். நல்ல நிலையில் இருந்தால் அது மிக அழகான பொருள். ஆனால் செல்லுலாய்டு அழுகத் தொடங்கினால் அதிலிருந்து வெளிவரும் அமில ஆவி கத்தியை உள்ளிருந்தே அரித்துவிடும். கைப்பிடிக்குள் மடங்கியிருக்கும் பகுதி மட்டும் மோசமாகத் துருப்பிடித்திருந்தால் காரணம் அநேகமாக அதுதான்.

நிஜமான யானைத் தந்தக் கைப்பிடி என்று கடைக்காரர் சொன்னால் அதைக் கீழே வைத்துவிடுங்கள். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், 1972-ன்படி தந்தம் வாங்குவதும் விற்பதும் குற்றம். பழையது என்பதால் விலக்கு கிடைத்துவிடாது. எலும்புக் கைப்பிடி வேறு. அதில் சின்னச் சின்னக் கறுப்புப் புள்ளிகள் தெரியும். தந்தத்தில் வெட்டு முகத்தில் குறுக்கும் நெடுக்குமாக வலைபோல நுண்ணிய கோடுகள் ஓடும். சந்தேகமாக இருந்தால் வாங்காமல் இருப்பதே சரி.

வாங்கிய பழைய கத்தியைச் சோப்பு போட்டுக் கழுவி, மருந்துக் கடையில் கிடைக்கும் 70 சதவீத ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் நன்றாகத் துடைக்க வேண்டும். கைப்பிடியில் படாமல் துடைப்பது நல்லது. கொதிநீரில் போடக் கூடாது.

அப்புறம் தீட்டுவது. தெருவில் சாணை பிடிக்க வருபவரிடம் சவரக் கத்தியைக் கொடுக்கவே கூடாது. அவர் அரிவாள்மனைக்கும் கத்தரிக்கோலுக்கும் நல்ல வேலைக்காரர். ஆனால் சுழலும் கல்லின் சூடு சவரக் கத்தியின் மெல்லிய வாயைப் பாழாக்கிவிடும். 200 டிகிரியைத் தாண்டினால் எஃகு தன் கடினத்தை இழக்கத் தொடங்கும். அதற்குப் பிறகு எத்தனை தீட்டினாலும் பதம் நிற்காது.

எங்கள் பகுதியில் சலூன் வைத்திருந்து இப்போது மகனிடம் ஒப்படைத்துவிட்ட பெரியவர் ஒருவர் இருக்கிறார். காரைக்குடியில் வாங்கிய சோலிங்கன் கத்தியை அவரிடம் எடுத்துப் போனேன். மூக்குக் கண்ணாடியைத் தூக்கி நெற்றியில் வைத்துவிட்டு, வாலில் இருந்த எழுத்தைக்கூடப் பார்க்காமல், கத்தியை நகத்தால் ஒரு சுண்டு சுண்டினார். சன்னமாக ஒரு மணிச் சத்தம். "நல்ல சரக்கு தம்பி, உள்குழிவு நல்லா எடுத்திருக்கான்" என்றார். உள்ளேயிருந்து ஒரு கறுப்புக் கல்லைக் கொண்டுவந்தார். நடுவில் ஒரு பள்ளமும் இல்லாமல் தட்டையாக இருந்தது. தண்ணீர் தெளித்து, கத்தியைப் படுக்கப் போட்டு, வாய் முன்னால் போகும்படி தள்ளினார். திருப்பும்போது முதுகின் மேல் உருட்டித் திருப்பினார். அழுத்தமே இல்லை, கத்தியின் எடை மட்டும்தான். பிறகு உள்ளங்கையில் இப்படியும் அப்படியும் இழுத்தார், இப்போது முதுகு முன்னால் போக.

"ஐயா, கை வெட்டாதா?" என்றேன்.

"முதுகு தூக்கினாத்தானே தம்பி வெட்டும். நீங்க கையில செய்யாதீங்க, வார் வாங்கிக்கோங்க. கல்லு ஆறு மாசத்துக்கு ஒரு தரம் போதும். வார் தினம் வேணும்."

காசு வாங்க மறுத்துவிட்டார். இப்படிப்பட்டவர்கள் பல ஊர்களில் இன்னும் இருக்கிறார்கள். பெரும்பாலும் சலூனின் பின்பக்கம் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருப்பார்கள். ஆன்லைனில் எவ்வளவு தேடினாலும் கிடைக்காத ஒன்று இவர்களிடம் இருக்கிறது. கத்தி வாங்குவதற்கு முன்பே இப்படி ஒருவரைத் தேடிக் கண்டுபிடியுங்கள். அவரிடம் போகும்போது இனிப்போ பழமோ எடுத்துக்கொண்டு, அவசரம் இல்லாத மதிய நேரத்தில் போங்கள்.

சொந்தமாகத் தீட்ட விரும்பினால் கல்லுக்கு ஆன்லைன்தான். ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் எண்ணெய்க் கல், 1954 முதல் சென்னையில் இயங்கும் கார்போரண்டம் யுனிவர்சல் தயாரிப்பு உட்பட, தச்சர் உளிக்கும் சமையல் கத்திக்கும் அருமையான கல். ஆனால் அது சொரசொரப்பான கல். சவரக் கத்தியின் வாயை அமைப்பதற்கே 1000 கிரிட் (இந்த எண் கூடக் கூடக் கல் நைசாகும்) வேண்டும். அங்கிருந்து 4000, 8000, கடைசியில் 12000 என்று ஏற வேண்டும். நார்ட்டன், நனிவா, ஷாப்டன், கிங் கற்கள் ஆன்லைனில் கிடைக்கின்றன. நான்கு கிரிட் கற்களையும் வாங்கத் தேவையில்லை. நன்றாகத் தீட்டிய கத்தி கையில் இருந்தால் 12000 ஒன்று மட்டும் பல வருஷத்துக்குப் போதும். கல்லைத் தட்டையாக வைத்திருக்க விற்கும் தனித் தட்டு விலை அதிகம். பெயின்ட் கடையில் வாட்டர் பேப்பர் வாங்கி, கனமான கண்ணாடி மேல் ஒட்டி, தண்ணீர் விட்டுத் தேய்த்தால் அதே வேலை நடக்கும்.

தோல் வார் விஷயத்தில் நம்மூரை மிஞ்ச எதுவும் இல்லை. இதைக் கொஞ்சம் பெருமையோடுதான் சொல்கிறேன். ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை, திண்டுக்கல், ஈரோடு என்று தோல் பதனிடும் ஊர்கள் நிறைந்த மாநிலம் இது. மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் 1948 முதல் அடையாற்றில் இருக்கிறது. ஆவாரம் பட்டையும் கடுக்காயும் போட்டுப் பதனிடும் 'ஈஸ்ட் இந்தியா' தோலுக்குப் புவிசார் குறியீடே உண்டு. ஆனால் ஆன்லைனில் வார் தேடினால் வெளிநாட்டு வார் மூவாயிரம், நாலாயிரம் என்று காட்டும். மலிவாகக் காட்டுவதோ பெரும்பாலும் ரெக்ஸின், அல்லது தோல்தூளை அழுத்திச் செய்தது.

சென்னை பெரியமேட்டுக்குப் போங்கள். தோல் கடைகள் தெருத்தெருவாக இருக்கின்றன. தோல் சதுர அடிக் கணக்கில் விற்கும். துண்டுகளாக வேண்டும் என்றால் அதற்கும் கடை உண்டு. வெஜ் டேன் (மரப்பட்டை, காய் போட்டுப் பதனிட்ட) எருமைத் தோல் அல்லது மாட்டுத் தோல், இரண்டரை முதல் மூன்று மில்லிமீட்டர் கனம், மூன்று அங்குல அகலம், இரண்டடி நீளம் என்று கேளுங்கள். குரோமிய உப்பில் பதனிட்ட குரோம் டேன் தோலைத் தள்ளிவிடுங்கள். வித்தியாசம் தெரிய வெட்டிய ஓரத்தைப் பாருங்கள்: குரோம் தோலின் நடுவில் நீலச் சாம்பல் நிறம் தெரியும், வெஜ் டேன் தோல் மேலிருந்து கீழ்வரை ஒரே பழுப்பு. வழவழப்பான மேல்பக்கத்தில் தழும்பு, உண்ணிக் கடி, கொசுவம் எதுவும் இல்லாத இடமாகத் தேர்ந்தெடுங்கள். இதைப் படத்தைப் பார்த்துச் செய்ய முடியாது. உள்ளங்கையை அதன்மேல் மெதுவாக இழுத்தால் கொஞ்சம் பிடித்துப் பிடித்து விட வேண்டும். வழுக்கிக்கொண்டு போகும் தோல் கத்தியின் வாயைச் சீராக்காது. மேலே பெயின்ட் மாதிரிப் பூச்சு உள்ள தோலும் வேண்டாம்.

அதே தெருவில் ஓரம் வெட்டி, ஒரு முனையில் துளையிட்டு வளையம் மாட்டித் தரச் சொல்லலாம். பின்பக்கத்துக்குக் கெட்டியான பருத்திக் கான்வாஸ் ஒரு துண்டு. எல்லாம் சேர்த்து, ஆன்லைனில் நல்ல வாருக்குக் கேட்கும் விலையில் ஐந்தில் ஒரு பங்குகூட ஆகவில்லை. தினமும் சவரத்துக்கு முன் கான்வாஸில் இருபது முறை, தோலில் ஐம்பது முறை. முதுகுதான் எப்போதும் முன்னால் போக வேண்டும்.

வாரில் தடவும் பசை மட்டும் விதிவிலக்கு. எவர்சில்வர் பாலிஷ் பட்டறைகளில் பயன்படுத்தும் பச்சைக் கட்டியை வாங்கித் தேய்க்கச் சிலர் சொல்வார்கள். அதில் துகள் அளவு சீராக இருக்காது, வேறு அரைப்புப் பொருளும் கலந்திருக்கும். அரை மைக்ரான் என்று அளவு குறிப்பிட்ட குரோமியம் ஆக்சைடை ஆன்லைனில் வாங்குங்கள். அதையும் தினசரி வாரில் போடாமல் தனியாக ஒரு பட்டையில் போட வேண்டும்.

மற்றவை சுலபம். படிகாரம் நாட்டு மருந்துக் கடையில் இருபது ரூபாய்க்குக் கட்டியாகக் கிடைக்கும். கூர் முனைகளைத் தண்ணீரில் நனைத்துத் தரையில் தேய்த்து மழுக்கிவிட்டால் ஆன்லைனில் அழகான டப்பாவில் வரும் அதே பொருள்தான். பிரஷ்ஷை ஃபேன்சி ஸ்டோரில் வாங்கும்போது முடியைப் பிடித்து இரண்டு மூன்று தரம் இழுத்துப் பாருங்கள், உதிர்ந்தால் வேண்டாம். கொஞ்சம் நல்ல செயற்கை முடி பிரஷ் வேண்டுமென்றால் ஆன்லைனில் தேர்வு அதிகம். சோப்பு, கிரீம் உங்கள் விருப்பம். நுரை வரவில்லை என்றால் சோப்பை மாற்றுவதற்கு முன் தண்ணீரை மாற்றுங்கள். சென்னையின் பல பகுதிகளில் போர் தண்ணீர் கடுமையான உப்பு. அதிலுள்ள கால்சியம் சோப்போடு சேர்ந்து திரிந்துவிடும். ஒரு டம்ளர் ஆர்.ஓ. தண்ணீரில் அதே சோப்பு தயிர்போல நுரைக்கும்.

வெளிநாட்டிலிருந்து நேராக வரவழைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ஐயாயிரம் ரூபாய் வரை அன்பளிப்பாக வரும் பார்சலுக்குச் சுங்க வரி இல்லை என்ற பழைய சலுகையை நம்பாதீர்கள். 2019 டிசம்பரிலேயே அது எடுக்கப்பட்டுவிட்டது. வரியோடு கூரியர் நிறுவனத்தின் கையாளும் கட்டணமும் சேரும். இரண்டையும் விற்பவரிடமும் கூரியரிடமும் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். சிங்கப்பூரிலிருந்தோ துபாயிலிருந்தோ வரும் சொந்தக்காரரிடம் வாங்கிவரச் சொன்னால், கத்தியைச் செக்-இன் பெட்டியில்தான் வைக்க வேண்டும் என்று அழுத்திச் சொல்லுங்கள். கைப்பையில் இருந்தால் விமான நிலையப் பாதுகாப்புச் சோதனையில் எடுத்து வைத்துவிடுவார்கள், திரும்பக் கிடைக்காது.

கடைசியாக, எதில் வாங்கிய கத்தியானாலும் கடற்கரை ஊரில் அது குளியலறையில் இருக்கக் கூடாது. கார்பன் எஃகு ஒரே ராத்திரியில் புள்ளி விடும். சவரம் முடிந்ததும் துடைத்து, வாரில் ஏழெட்டு முறை இழுத்து ஈரம் போக்கி, தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டுத் தடவி, அலமாரியில் வையுங்கள். தேங்காய் எண்ணெய் வேண்டாம், நாளாக நாளாகப் பிசுபிசுத்துவிடும். ஐப்பசி, கார்த்திகை மழையில் வாரில் பூஞ்சை பூக்கும். சுவரில் ஒட்டி மாட்டாமல் காற்றுப் படும்படி தொங்கவிட்டு, உலர்ந்த துணியால் அவ்வப்போது துடைத்தால் போதும். வெயிலில் மட்டும் காயப் போடாதீர்கள், தோல் முறுக்கிக்கொள்ளும்.